விடுபட்ட பதினான்கு கதவுகள்

புதன்கிழமை காலை அவள் முப்பத்தோராவது ஸ்கிரிப்டைத் திறந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. மாதக் கடைசியோடு பழைய சாஃப்ட்வேரின் உரிமம் முடிகிறது. அதற்குள் எல்லாம் புதிய பதிப்பில் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது பேர் உட்கார்ந்து கதவையும் ஜன்னலையும் கையால் எண்ண வேண்டியதுதான்.

கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குள் முழு உருவமாக நிறுத்திப் பார்க்கிற அலுவலகம் அது. முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே சுவர், படிக்கட்டு, குழாய் எல்லாம் திரையில் நின்றுவிடும். அந்த மாடலிலிருந்து லிஸ்ட் எடுப்பது, எண் போடுவது, அளவு சரிபார்ப்பது என்று அலுப்பூட்டும் வேலைகள் அத்தனையும் ஸ்கிரிப்டுகள் என்கிற குட்டி நிரல்களின் பொறுப்பு. அவற்றை எழுதியவன் அவள் கணவன். இரண்டு நாள் வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்துக் காட்டியதால் அலுவலகத்தில் அவனுக்கு மந்திரவாதி என்றே பெயர். ஒன்பது மாதத்துக்கு முன் ஆள் குறைத்தபோது மந்திரவாதியைத்தான் முதலில் அனுப்பினார்கள். மந்திரம்தான் கைக்கு வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வருடம் மந்திரம் பலிக்கவில்லை. மாடலில் உள்ள ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் ஓர் எண் உண்டு. ஸ்கிரிப்ட் அந்த எண்ணைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடும். சாஃப்ட்வேர்க்காரர்கள் கூப்பிடுகிற முறையையே மாற்றிவிட்டார்கள். எண் நீண்டுவிட்டது, அளவுகளுக்கு வேறு பெயர் வந்துவிட்டது. ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் புதுப் பெயர் வைத்த மாதிரி, பழைய பெயரில் கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முப்பத்தோராவது, கதவுகளின் ஸ்கிரிப்ட். தீப்பிடித்தால் எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பது மாடலில் ஒவ்வொரு சுவரிலும் எழுதியிருக்கும். கதவு எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்து, அந்த நிமிடத்தைக் கதவின் மேலும் எழுதி, லிஸ்டாக வெளியே தள்ளுவது இதன் வேலை. அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் கதவு செய்பவர்கள் கதவு செய்வார்கள்.

மாற்ற வேண்டிய வரிகளை மாற்றினாள். நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஏதாவது தவறு வந்தால் சத்தம் போடாமல் அடுத்த கதவுக்குப் போ. இந்த மாதிரி வரிகளை வேலை முடிகிற வரைக்கும் எடுத்துவிடுவது அவள் பழக்கம். சத்தம் வந்தால்தானே எங்கே உடைகிறது என்று தெரியும். எடுத்துவிட்டு, எட்டு மாடி மாணவியர் விடுதி ஒன்றின் மாடலில் ஓட்டினாள். கட்டி முடித்து, ஒன்றரை வருடத்துக்கு முன் குடியும் வந்துவிட்ட கட்டடம். இனி யாரும் அந்த மாடலைத் தொட மாட்டார்கள் என்பதால் எந்த ஸ்கிரிப்டையும் அதில்தான் பழைய லிஸ்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

நாற்பதாவது கதவில் நின்றது.

புதிய பதிப்பின் மேல்தான் பழியைப் போட்டாள். கையேட்டைப் புரட்டினாள், கூப்பிடும் முறையை மூன்று விதமாக மாற்றினாள். அரை நாள் போனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசியில் வெறுத்துப்போய், பழைய பதிப்பையே திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினாள். அதே கதவில் நின்றது.

அப்படியானால் தவறு புதியது இல்லை. அந்த லிஸ்ட் போன நாளிலிருந்தே, மூன்று வருடமாக இருக்கிறது.

நாற்பதாவது கதவு, முதல் மாடிப் படிக்கட்டின் கதவு. படிக்கட்டைச் சுற்றி எழும்பும் கான்கிரீட் சுவர் அவர்கள் வரைந்ததல்ல. அது கட்டமைப்புப் பொறியாளரின் மாடலில் இருந்து வந்து, இவர்களுடைய மாடலோடு சேர்ந்து நிற்பது. நீ எந்தச் சுவரில் இருக்கிறாய் என்று அந்தக் கதவைக் கேட்டால் பதிலே வராது. பதில் வராத கதவை ஸ்கிரிப்ட் பேசாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. லிஸ்டில் நிமிடம் இருக்க வேண்டிய கட்டம் காலி. காலி என்றால் கதவு செய்பவருக்குச் சாதாரணக் கதவு என்று அர்த்தம்.

எண்ணினாள். தரைத்தளம் போக ஏழு மாடி, மாடிக்கு இரண்டு படிக்கட்டுக் கதவு. பதினான்கு. தீப்பிடித்தால் முந்நூறு பெண்கள் எந்தக் கதவுகளை நம்பிப் படியிறங்குவார்களோ, அந்தப் பதினான்கு.

மறுபடியும் அந்த வரிக்கு வந்தாள். அதன் மேலே சின்னதாக ஒரு குறிப்பு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். 'அவ வீட்டுக்கு வந்ததும் இதைப் பார்க்கணும்.' பக்கத்தில் தேதி.

அந்தத் தேதியை அவளுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம். ஐந்தாம் மாதம் கலைந்துபோய் அவள் மருத்துவமனையில் கிடந்த இரண்டாம் நாள். மதியம் ஒரு மணி நேரம் அவனைக் காணவில்லை. எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இதைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தப் பேசாததோடு சேர்ந்து போய்விட்டது.

"என்னம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றபடி மேடம் வந்து நின்றார். பிரிவுத் தலைவி. எந்த வரைபடத்தையும் சிவப்புப் பேனாவோடுதான் பார்ப்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் சிவப்புப் பேனா.

"ஒண்ணுமில்ல மேடம். ஒரு ஸ்கிரிப்ட் படுத்துது."

"உன் வீட்டுக்காரன் எழுதினது உன்னைப் படுத்தாம யாரைப் படுத்தும்? அவன்கிட்ட சொல்லு, கடிதம் வெள்ளிக்கிழமை தயாரா இருக்கும்னு. நல்லாவே எழுதியிருக்கேன். படிச்சா அவனுக்கே கூச்சமா இருக்கும்."

அவள் சிரிக்க முயன்றாள்.

அந்தக் கடிதத்தை நம்பித்தான் இப்போது அவர்கள் வீடே இருந்தது. ஒன்பது மாதத்தில் பதினோரு நேர்காணல். பன்னிரண்டாவதில் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பழைய அலுவலகத்திலிருந்து, இவன் கவனமான, நம்பத் தகுந்த ஆள் என்று ஒரு கடிதம் வந்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்துதான் அவன் காலையில் முகச்சவரம் செய்துகொள்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின.

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி," என்று காட்டினார். "கல்யாணத்துக்குக்கூட இவனுக்கு நான் இவ்வளவு செய்யலை."

"அஞ்சு நாளும் சேர்த்து இன்னிக்கே போட்டா கசங்கிடாதா மாமா?"

"கசங்கினா மறுபடி போடுவேன். எனக்கென்ன, வேற வேலை கொட்டிக் கிடக்கா?"

அவள் உள்ளறைக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து புதிய அலுவலகத்தின் விதிமுறைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, "இங்க காபிக்கு மட்டும் ரெண்டு பக்கம் விதி," என்றான். கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பதினான்கு என்பதை, விடுதி என்பதை, தேதியை. அந்தக் குறிப்பை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், அதைக் காட்டினாள்.

அவன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினான்.

"நாலு மணிக்கு லிஸ்ட் போகணும்னாங்க," என்றான். "அங்கேயே நின்னு நின்னு உடைஞ்சிட்டிருந்தது. உன்னை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அதுக்குள்ள திரும்பி வந்துடணும்னு ஓடினேன். ஒரு வரியைப் போட்டேன், ஓடிச்சு, அனுப்பிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு..."

"எனக்குத் தெரியும்."

"மறந்தே போச்சு. சத்தியமா மறந்தே போச்சு."

"தெரியும்னு சொல்றேன்ல."

கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடத்துகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வெள்ளிக்கிழமை சொல்லு. கடிதம் போன பிறகு சொல்லு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒன்றரை வருஷமா அந்தக் கதவு அப்படியேதான் இருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருந்தா ஒண்ணும் ஆகிடாது. ரெண்டே நாள். நான் மறைக்கச் சொல்லலை. நானே வந்து என் வாயால சொல்றேன். கடிதம் மட்டும் போயிடட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவன் கன்னத்தில் சவரக் கத்தி கீறிய கோடு ஒன்று காய்ந்திருந்தது. ஒன்பது மாதம், போன் அடிக்கும்போதெல்லாம் அவன் முகம் எப்படி மாறும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

"சரி," என்றாள். "வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போது அலுவலகத்துக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விடுதி நிறுத்தம் வந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஒருவேளை தச்சரே புத்தியோடு கனமான கதவாகப் போட்டிருக்கலாம், ஒருவேளை யாராவது இடையில் கவனித்து மாற்றியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

கட்டடத்தை வரைந்த அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் காப்பாளர் அம்மாள் கேள்வி கேட்காமல் மேலே அனுப்பினார். "குழாய் ஒழுகுறதை மட்டும் பார்த்துடுங்க, புண்ணியமாப் போகும்," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

திரையில் ஆயிரம் தடவை சுற்றி வந்த நடைபாதை. ஆனால் திரையில் ஈரத் துண்டுகள் காய்ந்ததில்லை, செருப்புகள் ஜோடி மாறிக் கிடந்ததில்லை. ஐந்தாம் மாடிப் படிக்கட்டுக் கதவை ஒரு தண்ணீர்க் கேனால் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கேனை நகர்த்திக் கதவை இழுத்தாள். ஒரு விரலுக்கே வந்தது. விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே ஒன்றுமில்லாத மரப்பெட்டியைத் தட்டினால் வருமே, அந்த ஓசை.

"அக்கா, கதவு மாத்த வந்திருக்கீங்களா?"

பல் துலக்கிவிட்டு வந்த ஒரு பெண் நின்றாள். தோளில் துண்டு. பத்தொன்பது வயதிருக்கும்.

"ஏன் கேக்கறே?"

"சாத்தினாலும் சாத்தாத மாதிரிதான் இருக்கு. நாலாம் மாடில யார் யார்கூட சண்டைங்கறது எங்க மாடி முழுக்கத் தெரியும். நாங்க அதுக்காகவே திறந்து வச்சிருக்கோம்னு வச்சுக்கோங்க." சிரித்தாள். "நல்ல கனமா ஒண்ணு போடச் சொல்லுங்கக்கா."

"போடுவாங்க," என்றாள் அவள். "சீக்கிரமே மாத்திடுவாங்க."

சொல்லிவிட்டுத்தான் உணர்ந்தாள். நேற்று ஒருவனுக்கு ஒரு வாக்கு, இன்று இவளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே வாயில் இருக்க முடியாது. அந்தப் பெண் துண்டை உதறிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். உள்ளே மின்னடுப்பு ஒன்றில் எதுவோ கொதிக்கிற வாசனை வந்தது. விடுதிகளில் அதற்கு அனுமதி கிடையாது. எல்லா விடுதிகளிலும் எல்லா அறைகளிலும் அது இருக்கும்.

அலுவலகம் போனதும் கைப்பையைக்கூட மேசையில் வைக்காமல் மேடத்தின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். தேதியைச் சொல்லவில்லை, குறிப்பைச் சொல்லவில்லை. கதவுகளை மட்டும் சொன்னாள்.

மேடம் எழுந்து போய்ப் பழைய கோப்பை எடுத்து, கதவு லிஸ்டைப் பிரித்தார். காலிக் கட்டங்களின் மேல் விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசிப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கையெழுத்து. அவருடையதுதான்.

"நானும்தான் பார்த்திருக்கேன்," என்றார். "அவன் ஸ்கிரிப்ட் போட்டதுன்னா சரியா இருக்கும்னு நினைச்சு மேலோட்டமாப் பார்த்திருக்கேன். பரிசோதனைக்கு வந்தவரும் என் கையெழுத்தைப் பார்த்துட்டுப் போயிட்டார்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இன்னிக்கே விடுதிக்கு எழுதணும். மேலிடத்துக்கும் எழுதணும். விசாரணை வரும்."

"தெரியும் மேடம்."

"கடிதத்தை நான் அனுப்ப முடியாதும்மா. கவனமான ஆள்னு எழுதி, அடுத்த வாரம் இது வெளிய வந்தா, அங்கேயும் அவனை நிக்க வச்சுக் கேப்பாங்க. அது இதைவிடக் கேவலம்."

அவள் தலையசைத்தாள். தெரிந்ததைத்தான் கேட்டாள்.

"இன்னொண்ணு," என்றார் மேடம். இப்போது அவர் குரலில் கூச்சம் இருந்தது. "இந்த ஸ்கிரிப்டை வேற எந்தெந்தக் கட்டடத்துல ஓட்டினான்னு அவனுக்குத்தான் தெரியும். இங்க யாரும் எழுதி வைக்கலை. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லணும். மாடல்களை உன் லேப்டாப்லயே எடுத்துட்டுப் போ, நான் அனுமதி எழுதித் தர்றேன்."

அன்று நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமனார் வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிரஷ் மட்டும் ஒரு கணம் நின்றது.

உள்ளறையில் அவன் எழுந்து நின்றான். அவன் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நேத்து ராத்திரி இதே கட்டில்ல உக்காந்து சொன்னே."

"ஆமா." அவள் லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "காலைல அங்க போனேன். கதவைத் தட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால தூங்க முடியாது. நீ பக்கத்துல படுத்திருக்க, உன்கிட்ட நடிச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"என்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே. நானும் கேட்டிருப்பேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். எதிர்க் கட்டடத்தில் யாரோ மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோள்கள் அசையவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு. அருகில் போய்த் தொடலாமா என்று நினைத்தாள். அந்த உரிமையை இன்று காலை தானே விடுதி நிறுத்தத்தில் இறக்கி வைத்துவிட்டோமோ என்று கை நின்றுவிட்டது.

"கடிதம்?" என்றான், திரும்பாமல்.

"அனுப்ப மாட்டாங்க."

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "ஏப்பா, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்? அலாரம் வைக்கணும்ல?"

அவன், "அப்புறம் சொல்றேன்பா," என்றான்.

அவள் மேடம் கேட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த வார்த்தைகள் அசிங்கமாக இருந்தன. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், கண்ணில் வராத சிரிப்பு.

"ஆளை அனுப்பினாங்க. கடிதம் தர மாட்டாங்க. ஆனா எங்கெங்க ஓடிச்சுன்னு மட்டும் நான் சொல்லணும்."

"ஆமா."

"நான் சொல்ல மாட்டேன்னா?"

"நானே ஒவ்வொண்ணாத் திறந்து பார்ப்பேன். நூத்துப் பத்து கட்டடம். ரெண்டு மாசம் ஆகும்."

வெளியே ஷூ பிரஷ்ஷின் சத்தம் மறுபடி தொடங்கி, நின்றது. பிறகு அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். விதிமுறைப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன் பின் அட்டையில் எழுத ஒரு பேனாவைத் தேடி எடுத்தான்.

"எல்லாத்துலயும் பிரச்சினை இருக்காது," என்றான். குரல் வறண்டிருந்தது. "படிக்கட்டுச் சுவர் பொறியாளர் மாடல்லேர்ந்து வந்த கட்டடம் மட்டும்தான். அந்த மாதிரி அஞ்சு. விடுதியை விட்டா நாலு. முதல்ல அந்த வங்கி அலுவலகத்தைத் திற."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மாடல் மெதுவாக எழும்பியது. அந்த வரி இல்லாத ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

"எட்டு," என்றாள்.

அவன் எழுதினான்.

"அடுத்தது, ஆஸ்பத்திரியோட புது வார்டு."

ஆஸ்பத்திரி என்ற சொல்லில் இருவருமே கொஞ்சம் தடுக்கி நின்றார்கள். அவள் கோப்பைத் திறந்தாள். அவர்கள் போயிருந்த ஆஸ்பத்திரி அல்ல அது, வேறொன்று. ஆனாலும் படுக்கைகள் வரிசையாகத் தெரிந்தன. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்:

"அன்னிக்கு நான் வந்தப்போ நீ ஸ்கேன்லேர்ந்து வந்துட்டே. கண்ணை மூடிட்டிருந்தே. தூங்கறேன்னு நினைச்சேன்."

"தூங்கலை."

"தெரியும்."

அவ்வளவுதான். மூன்று வருடத்தில் அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

"எனக்குக் கோபம் இருக்கு," என்றான் அவன் பிறகு, பேனாவின் நுனியைப் பார்த்தபடி. "நீ செஞ்சது சரிதான். அது எனக்குத் தெரியுது. ஆனா கோபம் இருக்கு. சீக்கிரம் போகும்னு நினைக்காதே."

"நினைக்கலை."

"எத்தனை வந்திருக்கு?"

திரையைப் பார்த்தாள். பார்த்து முடித்து, இன்னொரு முறை எண்ணினாள்.

"இருபத்திரண்டு."

அவன் கண்களை ஒரு கணம் மூடித் திறந்தான். எழுதினான். மாமனார் கதவைத் தட்டி, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார்.

"நீங்க சாப்பிடுங்கப்பா," என்றான் அவன். "எங்களுக்கு இன்னும் ரெண்டு கட்டடம் இருக்கு."